மைவி, பெசா, சாகா, ஆக்சியா: எங்கள் தோட்டத்து ரோட்டில் எது எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரும் லிட்டர் கணக்கில் எண்ணெய் (பெட்ரோல்) போடுவதில்லை, எல்லாம் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்குதான். "அம்பது வெள்ளி போட்டேன், ஒரு வாரம் ஓடிச்சு" என்று ஒட்டுக்கடையில் ஒருவர் சொல்வார், "எனக்குப் பத்து நாள் ஓடுது" என்று இன்னொருவர் சொல்வார், ரெண்டு பேரும் எங்கே ஓட்டினார்கள், எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்ற பேச்சே வராது. புதிதாகக் காடி (கார்) எடுக்கிறவர்கள் இந்தப் பேச்சை நம்பித்தான் ஒன்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால்தான் எங்கள் வீட்டு ஆட்களிடமும் பக்கத்து வீட்டிலும் ஓடுகிற நாலு காடிகளை ஒரே முறையில் அளந்து பார்த்ததை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மைவி 1.5, எடுத்த நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். மச்சானிடம் பெசா 1.3. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாகா 1.3, 2019 ஆகஸ்டில் புது கியர் பெட்டியோடு வந்த மாடல். இந்த மூன்றுமே நாலு கியர் ஆட்டோ. அக்காவிடம் மட்டும் 2023இல் வந்த புதிய ஆக்சியா, டி-சிவிடி கியர், அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறுகிற ஆட்டோ.

அளந்த முறை எளிது. பம்பு முதல் தடவை 'டக்' என்று நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும், சில்லறையைச் சரிக்கட்ட மேலும் அழுத்தக் கூடாது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, பாதித் தொட்டிக்குமேல் தீரும்வரை ஓட்டி, அதே நிலையத்தில் அதே பம்பில் திரும்ப முதல் 'டக்' வரைக்கும் போட்டு, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் முடிந்தது. மைவி, பெசா தொட்டி 36 லிட்டர்தான், சாகாவுக்கு 40. இவ்வளவு சின்னத் தொட்டியில் 20 லிட்டர் போடும்போது ஒரு லிட்டர் கூடக்குறையப் போனாலே கணக்கு ஐந்து விழுக்காடு தப்பிவிடும். மீட்டர் திரையில் காட்டுகிற சராசரியை நான் ஒப்பிடுவதற்குப் பயன்படுத்துவதில்லை, நாங்கள் பார்த்தவரை கையால் போட்ட கணக்கைவிட அது கொஞ்சம் தாராளமாகவே காட்டுகிறது.

சரி, எண்களுக்கு வருவோம். முதலில் லிந்தாங் ரோட்டுப் பக்கம், தோட்டத்திலிருந்து டவுனுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் போய்வருகிற ஓட்டம். ஒரு தடவைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். இதில் மைவி லிட்டருக்கு 11, 12 கிலோமீட்டர். பெசா 13. சாகா 10ஐத் தாண்டவே சிரமப்படுகிறது. ஆக்சியா 15, 16. அதே காடிகள் பழைய ரோட்டில் செம்மோர் வழியாக ஈப்போ போய்வந்தால் மைவி 15, பெசா 17, சாகா 13, ஆக்சியா 20. ஒரே மைவி, ஒரே ஓட்டுநர், ஒரே எண்ணெய், ரோடு மாறியதும் லிட்டருக்கு மூன்று நாலு கிலோமீட்டர் கூடிவிட்டது. மைவிக்கும் பெசாவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது பெரியது, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காரணம் என்ன என்றால், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் கூடுதலாகத்தான் போகும், நாலு கிலோமீட்டரில் அது முழுசாகச் சூடாவதற்குள் பள்ளி வாசலில் நிறுத்தி அணைத்துவிடுகிறோம். அப்புறம் அந்த ரோட்டில் செம்பனை லாரி முன்னால் மாட்டிக்கொண்டால் தெரியும். பழக்குலை விளிம்புக்குமேல் குவிந்து, முள் வெளியே நீட்டிக்கொண்டு, மேட்டில் 30க்குக் கீழே ஊர்ந்து போகும், பின்னாலேயே ரெண்டாவது கியரில் மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் போக வேண்டியதுதான். முந்தவும் இடம் இருக்காது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கலாம் என்றால் செம்மண் புழுதி முழுக்க உள்ளே வரும்.

ஆக்சியாவுக்குக் கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.4 கிலோமீட்டர் வரைக்கும். அது மலேசிய ஓட்டச் சுழற்சி என்ற சோதனைக் கணக்கு, அதுவும் வண்டி நின்றால் இஞ்சின் தானாக அணைகிற ஈக்கோ ஐடில் வேலை செய்யும்போது வருவது. ஈப்போவில் சிவப்பு விளக்கில் நிற்கிறவர்களுக்கு அந்த வசதி நல்ல பயன். தோட்டத்து ரோட்டில் ஏது சிக்னல்? அக்கா 27ஐ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, ஆனாலும் நாலு காடியில் எண்ணெய் விஷயத்தில் அதுதான் எங்கும் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை.

நெடுஞ்சாலையில் வேகம்தான் எல்லாம். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும்போது 90இல் பிடித்துப் போனால் என் மைவி 17 தருகிறது, 110 என்றால் 14க்கு இறங்கிவிடுகிறது. 90க்கும் 110க்கும் நடுவில் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது, அதோடு நாலு கியர்தான் இருப்பதால் இஞ்சின் சுற்றும் கூடுகிறது. ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுகிற மேட்டில் குடும்பமும் சாமானும் இருந்தால் இன்னும் குறையும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது, முழுசாக இல்லை.

சாதாரண ரோன்95க்குப் பதிலாக விலை கூடிய ரோன்97 எண்ணெய் போட்டால் அதிக தூரம் ஓடும் என்று அண்ணன் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தார், ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த நாலு காடியும் 95இல் ஓடுகிற மாதிரி செய்தவை. 95, 97 என்ற எண், எண்ணெய் இஞ்சினுக்குள் தானாக முன்கூட்டியே வெடித்துத் தட்டாமல் எரிவதைச் சொல்வது, கூடுதல் சக்தியை இல்லை. அந்தக் காசுக்கு டயர் காற்றைப் பார்ப்பது மேல். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்ட அளவுக்கு மாதம் ரெண்டு தடவை, டயர் சூடாகும் முன்னால். சாகாவில் நாலு டயரும் காற்று குறைந்துதான் ஓடிக்கொண்டிருந்தன, சரி செய்த பிறகு டவுன் ஓட்டத்திலேயே 10ஐத் தாண்டியது.

2025 செப்டம்பர் 30 முதல் பூடி95, அதாவது அரசாங்கத்தின் மானிய ரோன்95 திட்டம், லைசன்ஸ் உள்ள குடிமக்கள் எல்லாருக்கும் வந்ததே, அதனால் ஒரு நல்லது நடந்தது. மைகார்டைச் (அடையாள அட்டை) செருகி லிட்டருக்கு 1.99 வெள்ளியில் மாதம் 300 லிட்டர் என்று அப்போது சொன்னதும் எங்கள் ஊர்க்காரர்களும் லிட்டரில் பேச ஆரம்பித்தார்கள். லிட்டருக்கு 12 ஓடுகிற மைவிக்கு 300 லிட்டர் என்றால் 3600 கிலோமீட்டர், தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுகிறவர்களுக்கு அது தாராளமாக இருந்தது.

அந்த 1.99 விலையில் பணமாகப் பார்த்தால், டவுன் ஓட்டத்தில் மாதம் 1000 கிலோமீட்டருக்கு என் மைவிக்கு 166 வெள்ளி, ஆக்சியா லிட்டருக்கு 16 ஓடினால் 124 வெள்ளி. மாதம் 42 வெள்ளி மிச்சம் என்பதற்காக ஓடுகிற காடியை விற்றுவிட்டுப் புதுக் கடனில் இறங்காதீர்கள், மாதத் தவணை அதைப்போல் பல மடங்கு வரும். அக்காவுக்குப் பழைய காடி உட்கார்ந்துவிட்டது, எப்படியும் ஒன்று எடுக்கத்தான் வேண்டும், ஆக்சியா எடுத்தது ரொம்பச் சரி. என் மைவிக் கடன் 2027இல் முடிகிறது, அதற்குப் பிறகும் அதைத்தான் ஓட்டப் போகிறேன்.