மறுதலிப்பா, மறுப்பா: பிறர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்கும்போது

"நீ உன் விசுவாசத்தை மறுதலித்தால் அவர்களை விட்டுவிடுகிறோம்." இப்படிக் கேட்கப்படும்போது எதிரே இரண்டே வழி இருப்பதாகத் தோன்றும். கிறிஸ்தவத்தைத் தடைசெய்த 17ஆம் நூற்றாண்டு ஜப்பானைப் பார்த்தால் நான்கு வழிகளாவது தெரியும். ஒவ்வொன்றையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும்: யார் விடுதலையாகிறார்கள்? அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? மறுநாள் உங்களிடம் என்ன கேட்பார்கள்?

தப்பிப் போவது

இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 1614 தடைக்குப் பின் பெரும்பாலான குருக்கள் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்கும் மணிலாவுக்கும் கப்பலேறினார்கள். சிலர் மறைந்து தங்கினார்கள். தங்கியவருக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரின் தலையும் சேர்த்தே போகும். ஐந்து வீடுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற நான்கும் பதில் சொல்லும்படி வைத்திருந்தார்கள். ஆக, பிறரைப் பணயம் வைக்கும் சிக்கல் சித்திரவதைக் குழியில் தொடங்கவில்லை. ஒரு குரு இரவில் கதவைத் தட்டியபோதே தொடங்கிவிட்டது.

மறுத்து நிற்பது

வேதம் இங்கே வளைந்து கொடுக்காது. மத்தேயு 10:33ல், மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைத் தாமும் மறுதலிப்பதாக இயேசு சொல்வதற்கு விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நன்மை வரும்படி தீமை செய்யலாமா என்ற கேள்வியை ரோமர் 3:8 தள்ளிவிடுகிறது. நியாயமும் பலமானதுதான்: கட்டித் தொங்கவிடுகிறவன் அதிகாரி, மறுத்தவர் அல்ல. ஒருமுறை இந்த முறை பலித்துவிட்டால் அடுத்த ஊரிலும் அதையே செய்வார்கள்.

ஆட்சியாளர்களுக்கும் இது புரிந்திருந்தது. 1622ல் நாகசாகியில் 55 பேரைக் கூட்டத்தின் முன் கொன்றார்கள். கூட்டம் கலங்கி ஓடவில்லை. பிறகுதான் சாகடிப்பதைவிட மறுதலிக்க வைப்பதே மேல் என்ற முடிவு உறுதிப்பட்டது. கை, கால், உடலெல்லாம் இறுகக் கட்டித் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிடுவார்கள். இரத்தம் தலையில் தேங்கி ஆள் சீக்கிரம் சாகாதபடி நெற்றியோரம் சிறு கீறல் போடுவார்கள். சைகை காட்ட ஒரு கையை மட்டும் அவிழ்த்து விட்டிருப்பார்கள். அந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கைக்காகத்தான்.

இந்த வழியின் ஓட்டை ஒன்றுதான், ஆனால் பெரியது. இரத்தசாட்சி என்பவர் தன் உயிரைக் கொடுப்பவர். பக்கத்துக் குழியில் தொங்குபவரின் உயிர் அவர் கொடுக்கக்கூடியது அல்ல. அந்த மனிதர் தாமாகவே சம்மதித்திருந்தால் கணக்கு வேறு. சம்மதம் கேட்கப்படாத குழந்தையென்றால் "நான் உறுதியாக நின்றேன்" என்ற சொல்லில் ஏதோ இடறுகிறது.

காலை வைத்துவிட்டு உள்ளே காப்பது

நாகசாகியில் புத்தாண்டு தொடங்கியதும், கிறிஸ்தவர் யாரும் இல்லை என்று உறுதிசெய்யும் சோதனை தெருத்தெருவாக நடக்கும். கிறிஸ்துவோ மரியாளோ பொறித்த தகடு தரையில் கிடக்கும். வீட்டார் ஒவ்வொருவரும் மிதிக்க வேண்டும். கைக்குழந்தையின் பாதத்தையும் தாய் பிடித்து வைக்க வேண்டும். அதிகாரிகள் முகத்தையும் பார்ப்பார்கள். மரத்தில் பதித்த பழைய படங்கள் தேய்ந்து போனதால் 1669ல் 20 பித்தளைத் தகடுகள் வார்க்கப்பட்டன.

மிதிப்பது பாவம்தான் என்பதில் மறைந்து வாழ்ந்தவர்களுக்கே சந்தேகமில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவே இல்லாத நாட்டில் என்ன செய்வது? 1603லேயே அவர்கள் மொழியில் ஒரு கையேடு வந்திருந்தது: கடவுள்மேல் உள்ள அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம் இருந்தால் குரு இல்லாதபோதும் மன்னிப்பு உண்டு. மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த மன்றாட்டைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு மறுபடி மிதிப்பார்கள்.

இதில் கெடுவது என்ன? மீண்டும் செய்வோம் என்று தெரிந்தே படும் மனஸ்தாபம் உத்தமமானதா என்ற கேள்வி அவர்களுக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்தது. ஆனால் 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓஊரா ஆலயத்துக்கு வந்து, தங்கள் நெஞ்சமும் அவருடைய நெஞ்சமும் ஒன்றே என்று குருவிடம் சொன்ன உராகாமி ஊரார், மிதித்தவர்களின் வாரிசுகள். இந்த வழியைக் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் அந்த நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எழுதிக் கொடுத்து அதிகாரிகளுக்கு ஊழியமும் செய்வது

மறுதலித்தவர்களிடம் வாங்கிய சில பத்திரங்களில் ஒரு விநோதம் உண்டு. இனி திரும்பமாட்டேன் என்ற சத்தியத்தையே பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மரியாள் பெயரால் செய்ய வைத்தார்கள். மறுதலித்த கடவுளே ஜாமீன்!

ஜப்பானில் சேசு சபைக் குருக்களின் பொறுப்புத் தலைவர் கிறிஸ்டோவாவ் ஃபெரேரா 1633 அக்டோபரில் குழியில் தொங்கி, சுமார் ஐந்து மணி நேரத்தில் கை காட்டினார். அதே நாள் தொங்கவிடப்பட்ட ஜப்பானியக் குரு நாகாவுரா ஜூலியான் மூன்று நாள் தாங்கி இறந்தார். ஃபெரேராவின் கையசைப்பு ஜூலியானைக் காப்பாற்றவில்லை. பிறகு ஃபெரேரா சவானோ சூவான் என்ற பெயரோடு, பிடிபட்ட குருக்களின் விசாரணையில் மொழிபெயர்த்தார். மதத்தை எதிர்த்து எழுதினார். ஐந்து மணி நேர வேதனைக்குப் பின் கை காட்டியதை நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் மறுநாள் தொடங்கிய வேலை வேறு சங்கதி. பிறர் துன்பத்தைக் குறைக்கிறேன் என்று இந்த வழியில் இறங்குகிறவர் பிறரைப் பிடிக்கும் கருவியாகிவிடுகிறார். நான்கில் நான் முழுதாக நிராகரிப்பது இதை மட்டும்தான்.

பழைய தீர்ப்பு ஒன்று

கி.பி. 250ல் டேசியுஸ் பேரரசர் எல்லாரும் பலியிட வேண்டுமென ஆணையிட்டபோது இதே பிரச்சினை வந்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவர் ஒருபுறம். மனைவி, பிள்ளைகள், வீட்டாரைக் காக்கத் தான் ஒருவனாகப் போய்ப் பலியிட்டவர் மறுபுறம். இரண்டாமவருக்கும் தவம் உண்டு, ஆனால் அதே அளவில் அல்ல. குற்றமே இல்லை என்றும் சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை. இவ்வளவு காலம் கழித்தும் இதைவிடச் சரியான அளவுகோல் என் கண்ணில் படவில்லை.

1867ல் உராகாமியில் 80க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். தாகாகி செனெமோன் என்ற ஒருவரைத் தவிர மற்றவர்கள் மறுதலித்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியவர்களுக்கு வீட்டில் நல்ல முகம் கிடைக்கவில்லை. சில நாளில் அவர்களில் பலர் ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள்.