சோயா ஆராய்ச்சிக்கு யார் பணம் நல்லது: விவசாயியின் பிடித்தமா, கம்பெனி ஒப்பந்தமா, கூட்டணியா?

அமெரிக்காவில் ஒரு விவசாயி 100 டாலருக்கு சோயாபீன் விற்றால் அதில் 50 சென்ட் பிடித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வரும். இதற்கு செக்ஆஃப் என்று பெயர். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1991-இல் வசூல் தொடங்கியது. பாதி அந்தந்த மாநில சோயா வாரியத்திடம் தங்கும், மறுபாதி யுனைடெட் சோயாபீன் போர்டு என்ற தேசிய வாரியத்துக்குப் போகும். அங்கே எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் விவசாயிகளே, மேற்பார்வை மட்டும் மத்திய வேளாண் துறையிடம்.

பல்கலைக்கழகங்களின் சோயா ஆராய்ச்சிக்கும், அதை விவசாயியிடம் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கும் அரசுப் பணம் போதாதபோது கைகொடுப்பது இந்தப் பிடித்தம். இன்னொரு வழி, விதை கம்பெனியும் பயிர் மருந்து கம்பெனியும் பல்கலைக்கழகத்தோடு நேரடியாகப் போடும் ஒப்பந்தம். இன்னும் ஒன்று, ஒரே பிரச்சினைக்காக எல்லாரும் சேரும் கூட்டணி. இந்த மூன்றையும் எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவு வந்தால் அதை விவசாயியிடம் சொல்லப்போவது யார்?

கம்பெனிப் பணத்தில் தொடங்குகிறேன். அதன் நல்லதை மறைக்கக் கூடாது. பணம் சீக்கிரம் வரும், நல்ல கருவிகள் வரும், மாணவர்களுக்கு வேலைக்கு வழி பிறக்கும், ஆய்வகத்தில் கிடைத்த ஒரு குணத்தை விதைப்பையில் போட்டு விற்கும் அளவுக்குக் கொண்டுபோகும் பலம் கம்பெனிகளிடம்தான் அதிகம். ஆனால் கூடவே நிபந்தனையும் வரும். 1998-இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு தாவரவியல் துறைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் தர முன்வந்தது. பதிலுக்கு ஆராய்ச்சிக் குழுவின் ஐந்து இடங்களில் இரண்டும், கண்டுபிடிப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பும் அதற்குக் கிடைத்தன. சோயாவுக்கான ஒப்பந்தம் இல்லைதான், ஆனாலும் ஒரு பொதுப் பல்கலைக்கழகத் துறை இவ்வளவு தூரம் இறங்கி வரலாமா என்ற சண்டை அங்கிருந்துதான் பெரிதானது.

சோயாவில், பிடிக்காத முடிவை விவசாயியிடம் யார் சொல்வது என்ற கேள்வி 2017-இல் வயலுக்கே வந்தது. டைகாம்பா களைக்கொல்லி, தெளித்த இடத்தை விட்டு நகர்ந்து, அதைத் தாங்காத பக்கத்து வயல் சோயாவின் இலைகளைக் கிண்ணம்போலச் சுருட்டியது. சுமார் 36 லட்சம் ஏக்கர் பாதிப்பு என்று மாநிலம் மாநிலமாகக் கணக்கைத் திரட்டி வெளியிட்டவர் மிசௌரி பல்கலைக்கழகக் களை ஆய்வாளர் கெவின் பிராட்லி. தெளித்தவர்களின் தவறே பெரும்பாலும் காரணம் என்பது விற்றவர்களின் வாதம். மருந்து ஆவியாகியும் நகர்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். விற்பவரைச் சாராத ஒரு குரல் அன்றைக்கு இல்லாமல் போயிருந்தால், இலை சுருண்ட வயலைப் பார்த்து நிற்கும் விவசாயிக்குப் பதில் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

சரி, விவசாயியின் பிடித்தம் எப்படி? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒலியிக் அமிலம் அதிகமுள்ள சோயா. சாதாரண சோயா எண்ணெய் சீக்கிரம் கெடாமல் இருக்கப் பதப்படுத்தும்போது இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும், அதனால் அந்த எண்ணெய் சந்தையை இழந்துகொண்டிருந்தது. ஒலியிக் அமிலம் அதிகமானால் அந்தப் பதப்படுத்தல் தேவைப்படாது. இதற்கு டுபான்ட் பயனியர் கம்பெனி பிளெனிஷ் ரகத்தையும், மான்சாண்டோ கம்பெனி விஸ்டிவ் கோல்ட் ரகத்தையும் மரபணு மாற்றத்தின் வழியே கொண்டுவந்தன. மிசௌரியில் பல்கலைக்கழகமும் மத்திய வேளாண் ஆராய்ச்சிச் சேவையும் வேறு பாதையில் போய், மரபணு மாற்றம் இல்லாமல் சோயாவில் ஏற்கெனவே இருந்த மரபுத் திரிபுகளை இனக்கலப்பால் ஒன்று சேர்த்தே அதே குணத்தைக் கொண்டுவந்தார்கள். சோய்லெயிக் என்று அதற்குப் பெயர். பின்னால் இருந்தது செக்ஆஃப் பணம், உரிமத்தைக் கையாள்வதும் மிசௌரி விவசாயிகளின் அமைப்பே. கம்பெனி ரகங்கள் வெளிநாட்டு ஒப்புதல்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு அந்தத் தடை இல்லை, எந்த விதை நிறுவனமும் உரிமம் கேட்டு வரலாம். செக்ஆஃப் பணம் கம்பெனி ரகங்களைப் பரப்பவும் போனது என்பதையும் சொல்ல வேண்டும், அதை நான் தவறாக நினைக்கவில்லை.

விதை உரிமையிலும் இதே வித்தியாசம்தான். காப்புரிமை உள்ள சோயாவின் விளைச்சலிலிருந்து அனுமதியில்லாமல் மறுபடி விதைத்துப் பெருக்க முடியாது என்று 2013-இல் பௌமன் என்ற விவசாயியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ரவுண்டப் களைக்கொல்லியைத் தாங்கும் குணமான ரவுண்டப் ரெடியின் முதல் தலைமுறைக் காப்புரிமை முடியும் நேரத்தில் ஆர்கன்சா பல்கலைக்கழகம் யூஏ 5414ஆர்ஆர் என்ற ரகத்தை வெளியிட்டது. அந்தக் குணம் இதிலும் உண்டு, விவசாயி விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம். லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் இடத்திலிருந்து இப்படி ஒரு ரகம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் கூட்டணி. சோயாவுக்கு அமெரிக்காவில் பெரிய எதிரி, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு. 1954-இல் வடக்கு கரோலினாவில் முதலில் கண்டார்கள், இன்று ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பு. செடி மேலே பச்சையாகவே நிற்கும், விளைச்சல் மட்டும் குறையும், அதனால் பலருக்குத் தங்கள் வயலில் புழு இருப்பதே தெரியாது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு பிஐ 88788 என்ற ஒரே மூலத்தை நம்பியிருந்தன, புழுவும் மெல்ல அதற்குப் பழகிவிட்டது. பல்கலைக்கழகங்கள், செக்ஆஃப் வாரியங்கள், கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து 2018-இல் நூற்புழுக் கூட்டணியை மறுபடி தொடங்கியது இதற்காகத்தான். மண்ணைப் பரிசோதி, புழு எண்ணிக்கையைத் தெரிந்துகொள், மக்காச்சோளம் போன்ற பயிரை மாற்றிப் போடு, எதிர்ப்பு ரகத்தையும் மாற்று, விதை நேர்த்தி மருந்தையும் யோசித்துப் பார் என்பதே அதன் பாடம். மருந்து விற்பவர்கள் மேசையில் இருந்தும் மருந்து ஒரு வரியாக மட்டும் நிற்கிறது. கல்வி என்று வரும்போது இந்த ஏற்பாடே மேல், ஏனென்றால் விதை விற்பவர், பல்கலைக்கழகம், வாரியம் எல்லாரும் ஒரே பேச்சைப் பேசினால்தான் விவசாயி மண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போவார்.

ஆனால் பிடித்தத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது விலையில் அரை விழுக்காடு, அதனால் சோயா விலை விழுந்தால் வாரியத்தின் வருமானமும் விழும், விவசாயிக்கு உதவி அதிகம் தேவைப்படும் அதே ஆண்டில் ஆராய்ச்சிப் பணம் சுருங்கும். புது ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும் வேலையில் இது சாதாரணக் குறை இல்லை. போதாததற்கு, அதே பணத்துக்கு ஏற்றுமதி விளம்பரமும் போட்டி போடுகிறது. அந்த ஓட்டையை அடைக்க அரசும் கம்பெனியும் வேண்டும்தான்.

ஆகவே என் தேர்வு: பெரும்பங்கும் முடிவெடுக்கும் உரிமையும் விவசாயியின் பணத்திடம், கம்பெனி உள்ளே வரட்டும், ஆனால் எந்த ஆய்விலும் அது மட்டுமே பணம் தருவதாக இருக்கக் கூடாது. கம்பெனி தரும் பணத்தில் ரகமோ மருந்தோ சோதித்தால், பக்கத்தில் போட்டிக் கம்பெனியின் ரகமும், மருந்து பூசாத விதை போட்ட ஒரு பாத்தியும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தப் பாத்தியின் விளைச்சலும், அது எவ்வளவு வந்திருந்தாலும், விவசாயி கையில் கொடுக்கும் அதே அட்டவணையில் அச்சாக வேண்டும்.