ரோபோட்டிக்ஸ் கிட்டா, உதிரிபாகங்களா: பள்ளிச் செய்முறைக் கூடத்திற்கு எதை வாங்குவது?

எங்கள் அரசு உதவிபெறும் பள்ளியில், முன்னாள் மாணவர்களின் நன்கொடையைக் கொண்டு செய்முறைக் கூடம் அமைக்கும் பொறுப்பு மூன்றாண்டுகளுக்கு முன் இயற்பியல் ஆசிரியரான என்னிடம் வந்தது. எல்லாப் பாகங்களும் ஒரே பெட்டியில் வரும் ஆயத்த ரோபோட்டிக்ஸ் கிட்டுகளை வாங்குவதா, ஆர்டுயினோ ஊனோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை), சென்சார், சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் கருவி) என்று தனித்தனியே வாங்குவதா என்பதே முதல் கேள்வி. மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் 20 லட்சம் ரூபாய் வரை நிதி பெற்று டிங்கரிங் ஆய்வகம் (மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கும் கூடம்) அமைக்கும் பள்ளிகளுக்கும் இதே கேள்வி எழும். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு உதிரிபாகங்களின் பக்கமே நிற்கிறேன்.

கிட்டின் வசதிகள் தெரிந்தவைதாம். கையேடு உண்டு, சூடுபடும் அச்சமில்லை, முதல் பாடவேளையிலேயே வண்டி ஓடிவிடும். விலை கூடுதல் என்பதும் தெரிந்ததே.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். இருப்புப் பதிவேட்டில் கிட் ஒரே பொருளாக ஏறுகிறது. அதில் ஒரு இணைப்பு ஒயர் தொலைந்தாலும் தணிக்கையின்போது முழுக் கிட்டுக்கும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், பெட்டி பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படுகிறது. எங்கள் கிட் ஒன்றில் மோட்டார் ஒயரின் முனை உடைந்தது. அந்த முனை அந்த நிறுவனத்தின் தனி வடிவம் என்பதால் வெளிக்கடையில் கிடைக்கவில்லை. மாற்று ஒயர் வரும்வரை ஒரு பருவம் முழுவதும் அது பயன்படவில்லை. தயாரிப்பே நின்றுபோகும் வாய்ப்பும் உண்டு: 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோட்டிக்ஸ் கிட் வரிசையே 2022 இறுதியில் நிறுத்தப்பட்டது.

உதிரிபாகங்களில் நிலைமை வேறு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறு மோட்டாரை நேராக ஊனோ போர்டின் பின் (pin) ஒன்றில், அதாவது ஒயர் செருகும் இணைப்பு முனையில், இணைத்துவிட்டாள், போர்டு செயலிழந்தது. ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியர் அளவில் எடுப்பதே பாதுகாப்பு, 40ஐத் தாண்டவே கூடாது. மல்டிமீட்டரில் அளந்தபோது, அந்த மோட்டார் கிளம்பும் வேளையில் 200க்கு மேல் இழுத்தது. “சார், சிப்பை மட்டும் மாத்திடலாமா?” என்று அவளே கேட்டாள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பூட்லோடர் (நாம் எழுதும் நிரலை ஏற்றிக்கொள்ள உதவும் தொடக்க நிரல்) ஏற்றிய சிப்பை வரவழைத்தோம். எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்பதைக் காட்டும் ஓரத்து வெட்டுக்குறியைப் பார்த்து, 28 கால்களில் ஒன்றும் வளையாமல் அவளே சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தினாள். அடுத்த முறை, மோட்டாரின் மின்னோட்டம் பின் வழியாகப் போகாமலிருக்க டிரான்சிஸ்டரும், மோட்டார் நிற்கும்போது எழும் மின்னழுத்தத்திலிருந்து காக்க டையோடும் வைத்தாள். ஓம் விதியை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் மின்னோட்டத்தின் அளவு இப்படி மனத்தில் பதிந்திருக்காது. (வாங்கும்போது சிப் சாக்கெட்டில் செருகிய வகையைக் கேட்டு வாங்குங்கள், போர்டிலேயே பற்றவைத்த வகையில் இது எளிதில் முடியாது.)

கிட்டின் தொலைவு சென்சார் விடையை நேராகச் சென்டிமீட்டரில் காட்டிவிடுகிறது. நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) சென்சாரோ எதிரொலி திரும்பிய நேரத்தை மட்டுமே தரும். மீதியை மாணவர் கணக்கிட வேண்டும். ஒலியின் வேகத்தை நொடிக்கு 340 மீட்டர் என்று எழுதிய குழுவுக்கு, 200 சென்டிமீட்டர் தொலைவிலிருந்த சுவர் ஏப்ரல் மதியத்தில் 193 என்றே வந்தது. சென்சார் பழுது என்று முதலில் எண்ணிய அவர்கள், 36 டிகிரி வெப்பத்தில் ஒலி 353 மீட்டர் வேகத்தில் செல்லும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக் கண்டுபிடித்தபோது, மணி அடித்தும் கூடத்தை விட்டுப் போகவில்லை.

இவையெல்லாம் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நான் கண்டவை. ஆறாம் வகுப்பில் உதிரிபாகங்களைக் கொண்டு இரண்டே வகுப்புகள் எடுத்தேன். ஜம்பர் ஒயரை (இணைப்புக்கான சிறு ஒயரை) பிரெட்போர்டின் சரியான துளையில் செருகுவதிலேயே நேரம் போனது. அந்த வயதுக்கு ஆயத்தக் கிட்தான் ஏற்றதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பை ஒரே ஆசிரியர் சால்டரிங் அயர்னோடு சமாளிக்க முடியும் என்றும் சொல்லமாட்டேன். நாங்கள் இருபது பேராகப் பிரித்தே நடத்துகிறோம். இந்த ஆண்டு கிட்டுகளை ஆறாம் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, கையில் இருந்த தொகையில் மல்டிமீட்டர்களும் பத்து மாற்றுச் சிப்புகளும் வாங்கி, பூட்டில்லாத திறந்த அலமாரியில் வைத்திருக்கிறோம்.