பவளங்களுக்கான ராட்-சீக் சேவை: தரவு அருமை, அறிக்கையைச் சரிபாருங்கள்

மேல்மட்டத்துப் பவளமும் ஆழத்துப் பவளமும் மரபணு அளவில் ஒரே கூட்டமா, தனித்தனியா என்று பார்ப்பதற்காக ஒரு தனியார் ஆய்வகத்தின் ராட்-சீக் (டிஎன்ஏ முழுவதையும் படிக்காமல், நொதி வெட்டும் இடங்களை ஒட்டிய துண்டுகளை மட்டும் வரிசைப்படுத்தும் முறை) சேவையைப் பயன்படுத்தினோம். பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே சொல்லும் குறை இந்த மாதிரி சேவை தரும் யாரிடமும் இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பவளத்திலிருந்து சுத்தமான டிஎன்ஏ எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, வழவழவென்று ஒட்டும் சளியும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து அடுத்த கட்டத்தில் நொதிகளை வேலை செய்ய விடாது. எத்தனாலில் போட்டு அனுப்பிய குப்பிகளில் சிலவற்றின் அடியில் வெள்ளைத் தூள் கெட்டியாகப் படிந்திருந்தது. அவற்றைக்கூட மறுபடி கழுவி எடுத்து, எது தேறும், எது தேறாது என்று வேலையைத் தொடங்கும் முன்பே எழுதிச் சொன்னார்கள். கல் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் எல்லை தாண்டி அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தத் தாள்களையும் பொறுமையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். வாசிப்புகளின், அதாவது கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளின், தரத்தில் குறையே இல்லை.

சிக்கல் கூடவே வந்த அறிக்கையில்தான். பிசிஏ படத்தில் (மரபணு அளவில் ஒத்த மாதிரிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் வரைபடம்) ஆழத்து மாதிரிகள் ஒரு பக்கம், மேல்மட்டத்து மாதிரிகள் இன்னொரு பக்கம் என்று பளிச்சென்று பிரிந்து நின்றன, கூட்டங்களுக்கு இடையே மரபணு வேறுபாடு எவ்வளவு என்று காட்டும் எஃப்எஸ்டி மதிப்பும் அதற்கேற்றபடி உயரமாக இருந்தது. ஆனால் பவளத் திசுவுக்குள் சிம்பயோடினியேசி குடும்பத்துப் பாசி வாழ்கிறது, பவளத்தின் டிஎன்ஏவை எடுக்கும்போது அதனுடையதும் சேர்ந்தேதான் வரும், வெளிச்சம் குறையக் குறையப் பல பவள இனங்களில் அந்தப் பாசி வகையே மாறிவிடும். அறிக்கையில் இதைப் பிரித்ததாக ஒரு வரி கூட இல்லை. மூல வாசிப்புகளை வாங்கி, பவளத்தின் மரபணுத்தொகுதியோடு பொருந்துபவற்றை மட்டும் வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தோம், அந்தப் பிரிவில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஆழத்துக்கு ஆழம் மாறியிருந்தது முக்கியமாகப் பாசிதான்!

இதில் கவனக்குறைவு கூடவே கூடாது. மேலே வெளுத்துச் சாகும் பவளங்களுக்கு 30 மீட்டருக்குக் கீழே உள்ளவை லார்வா அனுப்பி மறுவாழ்வு தருமா என்ற பெரிய கேள்வி இந்தப் படத்தை நம்பித்தான் இருக்கிறது. அதற்கு எல்லா இனத்துக்கும் ஒரே பதில் கிடையாது. பெர்முடாவில் செய்து 2017இல் வெளியான ஆய்வில் அகாரிசியா ஃப்ராஜிலிஸ் ஆழத்துக்கு ஆழம் தெளிவாகப் பிரிந்திருந்தது, அதே பாறைகளில் வாழும் ஸ்டெஃபனோசீனியா இன்டர்செப்டாவோ மேலும் கீழும் ஒரே கூட்டமாகக் கலந்திருந்தது. அப்புறம், பாக்கிசெரிஸ் ஸ்பெசியோசா என்று ஒரே இனமாக நினைத்திருந்ததற்குள் கண்ணால் பிரித்தறிய முடியாத பல வம்சங்கள் ஒன்றாக வாழ்வது 2021இல் வெளிவந்தது. ஆக, படத்தில் இரண்டு கொத்து தெரிந்தால் ஆழத்தைக் காரணம் சொல்லும் முன் பாசியா, மறைந்திருக்கும் வேறு இனமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குளோன்களையும் அவர்கள் நீக்கவில்லை. கிளை ஒடிந்து விழுந்து பக்கத்திலேயே வளரும் இனங்களில் ஒரே மரபணு வகை பல மாதிரிகளாக எண்ணிக்கையில் ஏறிவிடும், அந்த ஆழமே தனி உலகம் போலத் தெரியும். கேட்ட பிறகு நீக்கிக் கொடுத்தார்கள், சுணங்காமல் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

டிஎன்ஏ எடுக்கவும் வரிசைப்படுத்தவும் தாராளமாக அனுப்பலாம், நாங்களும் அடுத்த தொகுதியை அங்கேதான் அனுப்புகிறோம். ஆனால் மூல வாசிப்புகள் முழுவதும் கைக்கு வரும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பவளத்தையும் பாசியையும் எந்த மரபணுத்தொகுதியை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பகுப்பாய்வுப் பகுதியை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.