ஹம்மர்ஃபெஸ்ட் நடைச் சுற்றுலா: கரடி கொஞ்சம் ஓவர்

வடக்கு நார்வேயில் கப்பல் நிற்கும் நேரத்தில் ஊரைக் காட்டும் நடைச் சுற்றுலா இது. அம்மாவோடு போனேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

எங்கு திரும்பினாலும் பனிக்கரடி. ஊர்ச் சின்னமே சிவப்புக் கேடயத்தில் வெள்ளைக் கரடிதான். ஆர்க்டிக் வேட்டைக் கப்பல்கள் இங்கிருந்து கிளம்பிய காலத்தின் அடையாளம். மற்றபடி ஊருக்குள் கரடி உலாவுவதில்லை. 1963இல் தொடங்கிய பனிக்கரடிக் கழகத்தில் சேர நேரில் வந்தாக வேண்டும் என்பதை வழிகாட்டி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த நேரத்தைக் கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கொடுத்திருக்கலாம். 1789இல் நகர உரிமை பெற்று, 1891லேயே தெருவுக்கு மின்விளக்கு போட்ட ஊர் இது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இதைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. மிஞ்சியது இந்தச் சிற்றாலயம் மட்டுமே. அம்மா உள்ளே உட்காரக்கூட நேரமில்லை, "சரி, கிளம்பலாம்" என்றுவிட்டார் வழிகாட்டி.

ஃபுக்ளெனெஸ் முனையில் இருக்கும் ஸ்ட்ரூவ தூணை (ஸ்ட்ரூவ என்ற வானியலாளரின் நில அளவைக்கான நினைவுத் தூண்) விட்டுவிடாதீர்கள். பூமியின் வடிவத்தை அறிய, இங்கிருந்து கருங்கடல் வரை 2,820 கி.மீ. அளந்திருக்கிறார்கள், அதுவும் 19ஆம் நூற்றாண்டில்! கிரானைட் தூண், உச்சியில் உலக உருண்டை. அப்புறம், அங்கே காற்று காதைப் பிய்க்கும், குல்லா கட்டாயம்.