ஆர்மீனியா அடிவாங்கியபோது ரஷ்யா ஏன் சும்மா இருந்தது?

சோமனூர்ப் பக்கம் தறிக்காரர்கள் கூடும் பேக்கரியில் உக்ரைன் பேச்சு வந்தால், கூடவே ஒரு கேள்வியும் வரும். "ஏனுங்ணா, 2020-ல கூட்டாளி நாடு அடிவாங்கறப்ப இதே ரஷ்யா ஏன் சும்மா நின்னுச்சு?" ஆர்மீனியர்கள் வாழ்ந்த, ஆர்மீனியாவும் பக்கத்து நாடான அஜர்பைஜானும் உரிமை கொண்டாடிச் சண்டை போட்ட கராபாக் என்ற மலைப்பகுதியில் 44 நாள் நடந்த போரைத்தான் கேட்கிறார்கள். ஆர்மீனியா ரஷ்யாவின் ராணுவக் கூட்டணியில் இருந்த நாடு; அங்கே கியும்ரி நகரில் ரஷ்யப் படைத்தளமே இருக்கிறது. இதற்கு மூன்று பதில்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, ஒப்பந்தம். கூட்டணியின் பாதுகாப்பு ஆர்மீனிய மண்ணுக்கு மட்டும். கராபாக் சட்டப்படி அஜர்பைஜானுடையது. புதினும் அந்த அக்டோபரில் இதையே சொன்னார். காகிதத்தில் சரிதான். ஆனால் நவம்பர் 9 அன்று, ஆர்மீனிய வானில் பறந்த ரஷ்ய எம்ஐ-24 ஹெலிகாப்டரையே அஜர்பைஜான் சுட்டு வீழ்த்தியது. இரண்டு வீரர்கள் செத்தார்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று அஜர்பைஜான் மன்னிப்புக் கேட்டது, மாஸ்கோ அதோடு விட்டுவிட்டது. 2022-ல் ஆர்மீனிய மண்ணுக்குள்ளேயே தாக்குதல் நடந்தபோதும் படை வரவில்லை. அப்போது உக்ரைனில் கை மாட்டியிருந்தது என்பார்கள், அதுவும் நியாயம். அதனால்தான் உக்ரைன் போருக்கு முன்பே விழுந்த ஹெலிகாப்டரைச் சான்றாகப் பிடித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, 2018-ல் ஆர்மீனியாவில் தெருப்போராட்டம் நடத்திப் பிரதமரான பஷின்யானுக்கு ரஷ்யா பாடம் புகட்டியது என்பது. பேக்கரியில் அதிக ஓட்டு இதற்குத்தான், கதை ருசியாக இருக்கிறதல்லவா? ஆனால் 2016 ஏப்ரலில் கராபாக்கில் நாலு நாள் சண்டை நடந்தபோது ஆர்மீனியாவில் ஆட்சியில் இருந்தவர், மாஸ்கோவோடு இணக்கமான சர்க்சியான். அப்போதும் ரஷ்யா படை அனுப்பவில்லை, சமரசம்தான் பேசியது.

மூன்றாவது, வியாபாரமும் துருக்கியும். என் ஓட்டு இதற்கே. ரஷ்யா இரண்டு பேருக்கும் ஆயுதம் விற்றது. சண்டை போடும் பங்காளிகள் இருவருக்கும் நூல் கொடுக்கிற கடைக்காரர் யாருக்காகக் கட்சி கட்டுவார்? அஜர்பைஜானுக்குப் பின்னால் துருக்கி நின்றது. அந்தத் துருக்கிக்கு ரஷ்யா எரிவாயுக் குழாய் போட்டிருந்தது, எஸ்-400 ஏவுகணை விற்றிருந்தது, அக்குயுவில் அணு உலை கட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் கராபாக்குக்காகப் பணயம் வைப்பார்களா?

ஹெலிகாப்டர் விழுந்த அன்றிரவே சமரச உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி 1,960 ரஷ்ய வீரர்கள் ஐந்தாண்டுக்குக் கராபாக்கில் காவலுக்கு வந்தார்கள். சண்டை போடாமலே கால் ஊன்றிய கணக்கு. அப்புறம் 2023 செப்டம்பரில், அவர்கள் அங்கே இருக்கும்போதே, அஜர்பைஜான் ஒரே நாளில் கராபாக்கை முடித்தது. ஒரு லட்சம் ஆர்மீனியர்கள் வெளியேறினார்கள். 2024-ல் ஆர்மீனியா கூட்டணிப் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே, அதே ஆண்டில் ரஷ்யப் படையும் மூட்டை கட்டியது.