சராசரியா, இடைநிலையா? அண்ணியின் மீன் கணக்கு

தினம் 500 ரூபாய் கட்டுகிற தண்டல் கடன் எடுக்கலாமா என்று அண்ணி கேட்டார். அவர் விடிகாலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கிறவர். ஐஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் போகக் கையில் நின்றதை நோட்டில் எழுதியிருந்தார்: திங்கள் 400, செவ்வாய் 300, புதன் 600, வியாழன் 500, வெள்ளி 250, சனி 700, ஞாயிறு 2,850.

கூட்டி ஏழால் வகுத்தேன். சராசரி 800. “தாராளமா கட்டலாம் அண்ணி” என்றேன். நோட்டை என் பக்கம் தள்ளினார். “எந்த நாள்ல 800 வந்துச்சு? காட்டு தம்பி.”

ஆறு நாள் அதற்குக் கீழே. ஞாயிறு ஒன்றுதான் மேலே.

அப்புறம்தான் இடைநிலை ஞாபகம் வந்தது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும்: 500. (எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி.)

நான் இடைநிலைப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அந்த ஞாயிறுதான். வஞ்சிரம் நன்றாகப் போய் அன்றைக்கு 6,350 நின்றிருந்தால் சராசரி 1,300 ஆகியிருக்கும். இடைநிலை அதே 500. மழை அடித்து 150தான் நின்றது என்றால் சராசரி 414க்கு இறங்கிவிடும், கிட்டத்தட்ட பாதி. இடைநிலை 400க்கு வரும், அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் ஆட்டுகிற எண்ணை நம்பித் தினத் தவணை பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

சராசரியை ஒதுக்கவும் முடியாது. ஏழு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்றால் அதுதான் சரியாகச் சொல்லும். இடைநிலையை ஏழால் பெருக்கினால் 3,500. உண்மையில் வந்தது 5,600. மாச வாடகைக்குச் சராசரிதான் உதவும். பராமரிப்பும் அதற்குச் சுலபம்: மொத்தமும் நாள் எண்ணிக்கையும் போதும். இடைநிலைக்கு மொத்த நோட்டும் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளை இதோடு கலக்காமல் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தது ஒரு வார நோட்டு மட்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இடைநிலை 500 என்றாலும் மூன்று நாள் அதற்குக் கீழேதான் இருந்தது. தண்டல்காரரோ தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பார். அண்ணி கடைசியில் தினம் 200 ரூபாய் கட்டுகிற தண்டல்தான் எடுத்தார். அதைச் சராசரியும் முடிவு செய்யவில்லை, இடைநிலையும் முடிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமை 250 முடிவு செய்தது.